பியானோவுக்கு நடுவே ஒரு ‘ம்’

பேய், பிசாசு, ஆவி என்று யாராவது ஆரம்பித்தால், பீடி பற்றவைக்கிற சாக்கில் எழுந்து வெளியே போய்விடுகிற ஆள் நான். தொழில் அப்படி. சங்கரன்கோவிலில் எனக்கு மைக்செட் கடை. கல்யாணம், சடங்கு, கோயில் கொடை, கட்சிக் கூட்டம், சாவு என்று ஒன்று விடாமல் ஸ்பீக்கர் பெட்டி கட்டுகிறேன். சுடலைமாடன் கொடையில் சாமியாடிக்கு அருள் வருகிற நேரம் பார்த்து எக்கோவைக் கொஞ்சம் கூட்டிவிடுகிறவனே நான்தான், பிறகு எனக்கு எங்கே பயம் வரும். சுடுகாட்டு ஓரத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிட்டு அதற்கு அடியிலேயே துண்டை விரித்துத் தூங்கியிருக்கிறேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரிப்பேன், ஆனால் கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

பெட்டி ஏற்றுவதற்காகத் திருநெல்வேலியில் ஒரு பழைய வேன் வாங்கினேன். அதில் கேசட் பிளேயர் இருந்தது, அதற்குள் ஒரு கேசட்டும் சிக்கிக் கிடந்தது. பென்டிரைவ் காலத்தில் கேசட்டாவது ஒன்றாவது என்று பிடுங்கி எறியத்தான் பார்த்தேன். வரவில்லை. எரிச்சலில் பட்டனை அமுக்கினால் பாடுகிறது. வெறும் பியானோ, கூட ஒரு தபேலா கிடையாது, வயலின் கிடையாது, மனிதக் குரலே கிடையாது. அதுவும் ரொம்ப மெதுவாக. பெல்ட் தளர்ந்து ஸ்பீடு குறைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கடைக்கு வந்து பிளேயரைக் கழற்றி, கேசட்டை ஒருவழியாக வெளியே எடுத்து, பெல்ட் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து மறுபடி ஓட்டினேன், அதே மெதுவாகத்தான் போனது. அது அப்படித்தான் போகும் என்று புரிவதற்கே எனக்குச் சில நாள் ஆயிற்று.

மைக்செட்காரன் ஒவ்வொருவனுக்கும் டெஸ்டிங்குக்கு என்று ஒரு பாட்டு உண்டு. பெட்டி கட்டி முடித்ததும் அதைத்தான் முதலில் போட்டு சத்தம் பார்ப்பான். எனக்கு இருந்தது ஒரு பழைய அம்மன் பாட்டு. அதை விட்டுவிட்டு இந்தப் பியானோவைப் போட ஆரம்பித்தேன். வாசிக்கிறவரின் இடது கை தட்டுவதில் பாஸ் பெட்டியின் அடிச்சத்தம் தெரியும், வலது கையில் மேல் சத்தம் தெரியும், இரண்டுக்கும் நடுவில் ஒரு அமைதி வரும் பாருங்கள், ஆம்ப்ளிஃபயரில் இம்மி இரைச்சல் இருந்தாலும் அந்த இடத்தில் அகப்பட்டுவிடும். ராயகிரியில் ஒரு சடங்கு வீட்டில் போட்டபோது தாய்மாமன்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார், இழவு வீட்டுக்குப் போடுகிறதை எங்கள் பிள்ளைக்குப் போடுகிறாயா என்று. கும்பிட்டு மன்னிப்புக் கேட்டு, பிள்ளையார் பாட்டைப் போட்டுச் சமாளித்தேன்.

டெஸ்டிங்குக்குப் போட்டது எப்போது டெஸ்டிங் இல்லாமல் ஆனது என்று எனக்குத் தெரியாது. காதல் என்றுதான் சொல்ல வேண்டும், இந்த வயதில் அதற்கு வேறு பெயர் தேட முடியவில்லை. இடது கை ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும், பெரிய அவசரம் ஒன்றும் இல்லாமல். வலது கை எங்கிருந்தோ வந்து ஏதோ சொல்ல ஆரம்பிக்கும், பாதியில் நிறுத்தும், சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கிற மாதிரி, அப்புறம் சொல்ல வந்ததை விட்டுவிட்டு அதைவிடச் சின்னதாக வேறொன்றைச் சொல்லிவிட்டுப் போய்விடும். அந்த விட்டுப்போன விஷயம் என்ன என்று எனக்கு மனசு அடித்துக்கொள்ளும். கரிவலம்வந்தநல்லூரில் வேலை முடிந்து வரும்போது பாட்டு முடியவில்லை என்பதற்காக வீட்டைத் தாண்டிப் போய் ஊரை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்திருக்கிறேன். பெட்ரோல் விற்கிற விலையில்.

அப்படிக் கேட்டுக்கேட்டுத்தான் அந்த ‘ம்’ காதில் விழுந்தது.

வலது கை நிறுத்துகிற இடத்தில், அந்த அமைதிக்குள், யாரோ ‘ம்’ என்றார்கள். ஹெட்போன் மாட்டிக் கேட்டேன். பொம்பளைக் குரல், கொஞ்சம் வயதான குரல், கனமாக, மூக்கோடு சேர்ந்தது. ஒரு இடத்தில் இல்லை, வலது கை நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும். அது ராகத்தோடு முனகுகிற ‘ம்’ இல்லை. நாம் கதை சொன்னால் எதிரில் இருக்கிறவர் கொட்டுவாரே, அந்த ‘ம்’. சொல்லு, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன் என்கிற ‘ம்’. நம்பினால் நம்புங்கள், அந்த இசைக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், அதற்குள் நம் வீட்டுப் பொம்பளை ஒருத்தி உட்கார்ந்து ‘ம்’ கொட்டிக்கொண்டிருக்கிறாள்.

என் மனைவி கோமதியிடம் போட்டுக் காட்டினேன். கோயில் சாமிகள் பெயரைத்தான் வைப்பார்கள், எங்கள் ஊரில் கல்லெறிந்தால் ஒரு சங்கரன் மேலோ ஒரு கோமதி மேலோதான் விழும், எங்கள் வீட்டில் நான் சங்கரன், அவள் கோமதி. அவள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள்.

“யாரோ கதை கேக்கா போல இருக்கு. வாசிக்கிறது யாருன்னு தெரியல, கேக்குறவ நல்லாக் கேக்கா” என்றாள்.

கோமதி சொன்னால் சரியாகத்தான் இருக்கும், ஏனென்றால் ‘ம்’ கொட்டுவதில் அவளை அடிக்க ஆள் கிடையாது. நான் மைக்கில் ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவன், ஆனால் எனக்கு உண்மையில் பேச்சு என்பது வேலை முடிந்து வந்து அவளிடம் பேசுவதுதான். எந்த வீட்டில் என்ன சண்டை, எந்த மாப்பிள்ளை எந்தப் பாட்டுக்கு முறைத்தான் என்று எல்லாம் சொல்லுவேன். அவள் ஏதாவது வேலை செய்துகொண்டே ‘ம்’ கொட்டுவாள். சின்ன ‘ம்’, முடிவில் மேலே தூக்கும், சீக்கிரம் சொல்லித் தொலையுங்கள் என்கிற மாதிரி. அந்த ‘ம்’ வந்தால் எனக்கு அடுத்த வார்த்தை தானாக வந்துவிடும்.

விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற ஜெபசிங் அண்ணாச்சி எனக்குப் பழக்கம், கிறிஸ்துமஸ் சமயம் அவர்கள் வேலை எல்லாம் நான்தான். அவரிடம் கேசட்டைக் கொண்டுபோனேன். கேட்டவுடன் பாட்டின் பெயரைச் சொன்னார், வெளிநாட்டுப் பெயர், கூட ஒரு நம்பர் வேறு, என் வாயில் நுழையவில்லை. ‘ம்’ அவருக்கும் கேட்டது. அதுதான் எனக்கு முக்கியம்.

“வாசிக்கவனே சில நேரம் முனங்குவான் வே. பெரிய பெரிய ஆளெல்லாம் அப்படி உண்டு” என்றார்.

சரி என்று விட்டிருப்பேன். ஆனால் புளியங்குடியில் ஒரு எலுமிச்சை வியாபாரி வீட்டு வேலைக்குப் போயிருந்தபோது, பக்கத்துப் பழைய பேப்பர் கடையில் சிடி மூட்டை ஒன்று கிடந்தது. கிளறினால் பியானோ படம் போட்ட ஒரு சிடி. வாங்கிவந்து போட்டால் அதே பாட்டு. வாசிக்கிறவர் வேறு ஆள், அது எனக்கே தெரிந்தது, இவர் இன்னும் கொஞ்சம் அழுத்தி வாசிக்கிறார். ஆனால் நிறுத்துகிற இடத்தில் அதே கனத்த ‘ம்’. அதே பொம்பளை. அண்ணாச்சியிடம் ஓடினேன். இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டார். பிறகு தன்னுடைய போனில் அதே பாட்டைத் தேடி எடுத்துப் போட்டார், புது ரெக்கார்டிங், கண்ணாடி மாதிரி சத்தம். ‘ம்’ இல்லை. இன்னொன்று போட்டார், அதிலும் இல்லை. பழசாக இன்னொருவர் கையிலிருந்து நம் கைக்கு வந்ததில் மட்டும் இருக்கிறது. இது என்ன கணக்கு என்று எனக்கும் புரியவில்லை, அவருக்கும் புரியவில்லை. புதிதில் கேட்டால் எனக்கு ருசிக்கவே இல்லை, கேட்க ஆளில்லாத வீட்டில் ஒருவன் தனியாகப் பேசுகிற மாதிரி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் கோமதி விழுந்தாள்.

குளித்துவிட்டு வந்தவள் கொடியில் சேலையைப் போடும்போது வலது கை தூக்க வரவில்லை என்று சைகை காட்டினாள், வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிருக்கு ஒன்றுமில்லை, மூளையில் பேச்சுக்கான இடத்தில் ரத்தம் அடைத்திருக்கிறது என்றார்கள். நாற்பதுகூட ஆகவில்லை அவளுக்கு. கை மெல்ல மெல்ல வந்தது, நடந்தாள், சொல்வதெல்லாம் புரிந்தது, ஆனால் வாயிலிருந்து ஒரு சத்தம் வரவில்லை. ‘ம்’ கூட. பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மா, நீங்கள் விடாமல் அவர்களிடம் பேசிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் மருந்து என்றார்.

இதில் சிரிப்பு என்னவென்றால் எனக்குப் பேச வரவில்லை. ஊர்க்கூட்டத்தில் மைக்கைப் பிடிக்கிறவன், பெண்டாட்டி முன்னால் உட்கார்ந்து நாலு வார்த்தைக்கு மேல் நகர முடியவில்லை. ‘ம்’ வராத இடத்தில் என் பேச்சு செத்துப்போகிறது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், நான் எழுந்து போய்விடுவேன். அவள் என்றைக்கும் பேசமாட்டாளோ என்று பயந்து பயந்து, அதற்கு நானே காரணமாகிவிடுவேனோ என்றும் பயந்தேன்.

அப்புறம் நான் செய்ததை மைக்செட்காரனைத் தவிர வேறு எவனும் செய்யமாட்டான். கடையிலிருந்து கரண்டில் ஓடுகிற ஒரு பிளேயரையும் ஒரு சின்ன ஸ்பீக்கரையும் வீட்டுக்குக் கொண்டுவந்து, அந்தக் கேசட்டைப் போட்டேன். எனக்கு அந்தப் பாட்டு முழுக்க மனப்பாடம், எந்த இடத்தில் ‘ம்’ வரும் என்று தெரியும். அதற்குத் தகுந்த மாதிரி பேச்சை வெட்டி வெட்டிப் பேசினேன். இடது கை ஓடும்போது கதை சொல்லுவேன், வலது கை நிறுத்துகிற இடத்துக்குச் சரியாக வாக்கியத்தை முடிப்பேன், கேசட் ‘ம்’ என்னும், நான் தொடர்வேன். இரவல் ‘ம்’. முதல் நாள் கோமதி அழுதுவிட்டாள், நிறுத்தப்போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினாள். அதன்பிறகு மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அதுதான் எங்கள் வழக்கம். பக்கத்து வீட்டார் என்ன நினைத்தார்களோ, நான் கவலைப்படவில்லை. அந்தப் பாட்டு எனக்குப் பிடித்திருந்த காலம் போய், அது இல்லாமல் வீடு நடக்காது என்று ஆகிவிட்டது.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். இரவு இல்லை, மழை இடி இல்லை, நல்ல வெயில் கொளுத்துகிற மத்தியானம். ஆடித்தபசுத் திருவிழா வேலை எல்லாம் முடிந்து ஓய்ந்திருந்தேன். வழக்கம்போலக் கேசட்டை ஓடவிட்டு, வேறு ஏதேதோ பேசி முடித்து, புளியங்குடியில் ஒரு கல்யாணத்தில் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பெண்ணின் பெரியப்பா மேடையில் வாழ்த்திப் பேசிவிட்டு வயரில்லாத மைக்கைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பந்திக்குப் போய்விட்டார், அணைக்கவில்லை, அங்கே உட்கார்ந்து மாப்பிள்ளை வீட்டுக்காரர்களைப் பற்றி மனசில் இருந்ததை எல்லாம் கொட்டுகிறார், அது மண்டபம் முழுக்க என் பெட்டியில் கேட்கிறது. ‘ம்’ வந்தது. மாப்பிள்ளையின் அப்பா மாலையோடு எழுந்து நிற்கிறார். ‘ம்’. நான் வால்யூமைக் குறைக்க ஓடுகிறேன், பொம்பளைகள் பக்கம் ஒரு ஆச்சி, குறைக்காதே தம்பி, முழுசும் கேட்டுவிடுவோம் என்கிறாள். ‘ம்’. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே நிறுத்தினேன்.

“பொறவு?” என்றாள் கோமதி.

அவள் குரல். கோமதியின் குரல், கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் அவளுடையதுதான். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அவளைக் கட்டிப் பிடித்து அழுதேன், அவளும் பொறவு பொறவு என்று அதே வார்த்தையைச் சொல்லிச் சொல்லி அழுதாள். எழுந்துபோய்ப் பாட்டை நிறுத்தலாம் என்று பிளேயர் பக்கம் போனால் அது ஓடவில்லை. விளக்கு எரியவில்லை, ஃபேன் சுற்றவில்லை, என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. தெருவில் தறிச்சத்தம் இல்லை. எங்கள் தெருவில் கரண்ட் போனால் காதுக்குத்தான் முதலில் தெரியும், எல்லா வீட்டுத் தறியும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். சத்தத்தை வைத்துப் பிழைக்கிற எனக்கு அதுவும் தெரியவில்லை, பியானோ நின்றதும் தெரியவில்லை. பக்கத்து வீட்டில் கேட்டேன், மின்சாரம் போய் வெகு நேரம் ஆகிறது என்றார்கள், நான் கல்யாணக் கதையை ஆரம்பிப்பதற்கு முன்பே. அப்படியானால் வந்த ‘ம்’ எல்லாம் கோமதி கொட்டியது. ஆனால் அத்தனையும் கேசட்டில் இருந்த பொம்பளையின் ‘ம்’. இதில் என் காது தப்புச் செய்யாது.

கோமதி ஒவ்வொரு வார்த்தையாகத் திரும்பப் பெற்றாள். இன்றைக்கு அவள் சண்டை போடுகிறாள், காய்கறிக்காரனிடம் பேரம் பேசுகிறாள், போனில் தங்கையோடு விடிய விடியப் பேசுகிறாள், எல்லாம் அவள் குரல். ‘ம்’ மட்டும் அவளுடையது இல்லை. கதை சொன்னால் அந்தக் கனத்த, மூக்கோடு சேர்ந்த, வயதான ‘ம்’ வருகிறது. டாக்டரிடம் சொன்னேன், தசை அப்படிப் பழகியிருக்கும், கேட்டுக்கேட்டு வந்திருக்கும் என்றார். இருக்கலாம். அன்று கரண்ட் வந்தபிறகு கேசட்டைப் போட்டுப் பார்த்தேன். பியானோ மட்டும் இருந்தது. சிடியிலும் அப்படித்தான். நிறுத்துகிற இடமெல்லாம் வெறுமையாக இருந்தது. ஜெபசிங் அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் காட்டினேன், வீட்டுக்கு வரச்சொல்லி கோமதியிடமும் பேசவைத்தேன். அவள் நாலு ‘ம்’ போடுவதற்குள் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் தோளைப் பிடித்தார்.

“அவ பேசுதா. அத விட்டுட்டு என்னத்த நோண்டுதீரு? விடும் வே.”

விட்டேன். சத்தியமாக விட்டுவிட்டேன். கேசட்டைக் கடை அலமாரியில் போட்டேன். ஆனால் ஒரு பாட்டின் மேல் வைத்த ஆசை அப்படிச் சட்டென்று போய்விடுமா, ‘ம்’ இருக்கிறதோ இல்லையோ, வலது கை சொல்லாமல் விட்டது என்ன என்று எனக்கு இன்னும் தெரியாதே. கொஞ்ச நாள் கழித்து, கடையில் ஆளில்லாத ஒரு மத்தியானம், ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓட்டினேன். முதல் நிறுத்தத்தில் ‘ம்’ கேட்டது. சின்ன ‘ம்’. முடிவில் மேலே தூக்கியது.

நான் ஹெட்போனைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக் கேட்டேன். அது என் கோமதியின் ‘ம்’. விழுவதற்கு முந்தைய ‘ம்’. எத்தனை வருஷம் கேட்டிருக்கிறேன்.

யாரிடமும் சொல்லவில்லை, ஜெபசிங் அண்ணாச்சியிடம்கூட. வீட்டில் அவளிடம் எப்படிச் சொல்வது. உங்களிடம்தான் சொல்கிறேன். அதன்பிறகு நான் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்ய ஆரம்பித்தேன், கடையில் தனியாக இருக்கும்போது கேசட்டைப் போட்டுக்கொண்டு அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்வது. அந்த ‘ம்’ வந்தால் பேச்சு பழையபடி கொட்டுகிறது. வீட்டுக்குப் போனால் கோமதி சோறு போட்டுவிட்டு, இன்றைக்கு என்ன விசேஷம் என்று ஆசையாகக் கேட்கிறாள், எனக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமிருப்பதில்லை. அவளுக்கு அது வருத்தம். முன்னெல்லாம் எவ்வளவு பேசுவீர்கள் என்கிறாள். அவளைத் தவிர வேறொரு பொம்பளையிடம் போய்விட்டு வருகிறவன் மாதிரி தலை குனிந்து சாப்பிடுகிறேன். யாருக்கு நான் துரோகம் செய்கிறேன் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியவில்லை.

போன வாரம் கடையில் உட்கார்ந்து வழக்கம்போலப் பேசிக்கொண்டிருந்தேன். திடீரென்று, இத்தனை நாளும் என் கதையையே சொல்லிக்கொண்டிருக்கிறோமே, கேசட்டுக்குள் இருக்கிற அவளை ஒன்றும் கேட்கவில்லையே என்று தோன்றியது.

“நல்லா இருக்கியாட்டி?” என்று கேட்டேன்.

நிறுத்துகிற இடம் வந்தது. ‘ம்’ வரவில்லை. இடது கை மட்டும் ஓடியது, பிறகு வலது கை வந்து அந்தச் சின்னதைச் சொல்லிவிட்டுப் போனது. பின்னால் ஓட்டி, வாயைத் திறக்காமல் அதே இடத்தைக் கேட்டேன், ‘ம்’ இருந்தது. மறுபடி ஓட்டி, மறுபடி அந்தக் கேள்வியையே கேட்டேன், ‘ம்’ இல்லை.

கடையைப் பாதியில் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தேன். கோமதி தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். என்ன இந்நேரத்தில் என்று அவள் கேட்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

“நல்லா இருக்கியாட்டி?”

தலையை நிமிர்த்தாமல், கீரையிலிருந்து கையை எடுக்காமல், மூக்கோடு சேர்த்துக் கனமாக ‘ம்’ என்றாள்.